பீலி இறக்கிய வண்டி

இலக்கணமும் இலக்கியமும் கற்பிப்பவன் மோட்டார் வண்டியைப் பற்றி எழுதத் தொடங்கினால் வாசகர் சிலர் முறுவல் செய்வர். கொல்லன் தெருவில் ஊசி விற்கும் வேலை இஃது என்று கூறுவாரும் இருப்பர். ஆயினும் நம் பழம்புலவர்கள் வண்டியை நன்கு அறிந்தவர்கள். உப்பு மூட்டை ஏற்றி மேடும் பள்ளமும் கடந்த உமணர் சகடத்தை ஔவையார் கண்டிருக்கிறார். பாரம் அளவு கடந்தால் அச்சு என்னவாகும் என்பதை வள்ளுவர் சிந்தித்திருக்கிறார். அவ்விருவரையும் துணைக்கு அழைத்துக்கொண்டு, சப்பிரகமுவ மலைப்புறத்தில் நான் கண்ட சிறு மோட்டார் வண்டி ஒன்றின் கதையை இங்கே கூற விரும்புகிறேன்.

இறக்குவானைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் என் பழைய மாணவன் ஒருவன் வாழ்கிறான். மோட்டார் திருத்தும் கராஜில் அவனுக்கு வேலை. சேர்த்த பணத்தைக் கொண்டு மூன்று கை மாறிய மாருதி 800 கார் ஒன்றை வாங்கினான். வாங்கிய சில மாதங்களில் அவனுடைய தாயார் என்னைத் தேடி வந்தார்.

“ஐயா, பையன் காரைப் பிரிச்சுப் பிரிச்சு லயத்து வாசலெல்லாம் போட்டு வச்சிருக்கான். கேட்டா, வேகமா மேடு ஏறணும், பந்தயத்துக்குப் போகணுங்கிறான். தியத்தலாவையில நடந்தது ஊருக்கே தெரியுங்களே. நீங்க சொன்னாக் கேட்பான்” என்றார்.

2024ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள் தியத்தலாவை பொக்ஸ் ஹில் பந்தயத்தில், ஓடுபாதையை விட்டு விலகிய கார் பார்வையாளர் கூட்டத்தில் பாய்ந்து 7 பேர் உயிரிழந்ததை அந்த அம்மையார் குறிப்பிட்டார். அவ்விபத்தின் காரணத்தை ஆராய்வது இங்கு என் நோக்கமன்று. ஒரு தாயின் அச்சத்துக்கு அது போதிய காரணம் என்பதே நான் கூறுவது.

அடுத்த ஞாயிறன்று நான் தோட்டத்துக்குப் போனேன். லயத்தின் முன்னே காரின் பின்னிருக்கை ஒரு விருந்தாளியைப் போலத் திண்ணையில் இருந்தது. மாமரக் கிளையில் கொழுந்து நிறுக்கும் பழைய தராசு ஒன்று தொங்கியது. கழற்றிய ஒவ்வொன்றையும் அதில் மாட்டி நிறுத்து, அப்பியாசப் புத்தகத்தில் வரிசையாக எழுதி வைத்திருந்தான்: பின்னிருக்கை 14 கிலோ, மேலதிகச் சக்கரம் 11, ஜாக்கியும் கருவிகளும் 4, தரைவிரிப்பும் ஒலியடக்கும் அட்டைகளும் 12, கதவுகளின் உட்பலகைகள் 5, பின்பக்க பம்பர் 4. ஆக 50 கிலோ.

“வகுப்பில் நீங்கள் படிப்பித்த குறள்தான் சேர் இது. மயிற்பீலியானாலும் மிகுதியாக ஏற்றினால் அச்சு முறியும் என்றீர்கள். நான் பீலியை ஒவ்வொன்றாக இறக்குகிறேன்” என்றான்.

எனக்கு வாயடைத்தது. வலியறிதல் அதிகாரத்துக் குறளை முப்பது ஆண்டுகள் கற்பித்திருக்கிறேன். எளியவர் பலர் ஒன்றுகூடினால் வலியவனும் வீழ்வான் என்றே பொருள் சொல்லி வந்தேன். அதனைத் திருப்பிப் படித்துப் பார்த்த மாணவன் இவன் ஒருவனே. சிறுமை சேர்ந்து பெரும்பாரம் ஆகுமெனின், சிறுமை நீங்கினால் பெரும்பாரம் குறையவும் வேண்டுமன்றோ?

அவன் இன்னொன்றும் சொன்னான்: “அம்மாவின் கொழுந்தை நிறுக்கும்போதெல்லாம், கூடைக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கழித்தார்கள். எங்கள் வீட்டில் பாரத்தைக் குறைப்பது எப்போதும் பிறர் கையில்தான் இருந்தது. இன்றைக்குத்தான் நான் குறைக்கிறேன்.” அந்தச் சொல்லுக்குப் பின் அவனைக் கடிந்துகொள்ள என்னால் முடியவில்லை. கணக்கைப் பார்ப்போம் என்று அவனருகே அமர்ந்தேன்.

கணக்கு அவன் பக்கமே இருந்தது. அக்கார் ஏறத்தாழ 650 கிலோ எடையுள்ளது; 796 கன சென்ரிமீற்றர் எஞ்சின்; ஆற்றல் 37 குதிரை வலு. எனவே ஒரு தொன் எடைக்கு ஏறத்தாழ 57 குதிரை வலு. 50 கிலோவைக் கழித்தால் அதே எஞ்சின் தொன்னுக்கு ஏறத்தாழ 62 குதிரை வலு தருகிறது. பழைய எடையிலேயே இந்த விகிதத்தை அடைய வேண்டுமானால் 40 குதிரை வலுவுள்ள எஞ்சின் வேண்டும். செலவு எதுவுமின்றி மூன்று குதிரைகளைக் கொட்டிலில் கட்டிவிட்டான் என்று சொல்லலாம்.

மலைப்பாதையில் இந்நயம் நன்கு விளங்கும். பத்தடி செல்ல ஓரடி உயரும் ஏற்றத்தில், 650 கிலோ வண்டியைப் புவியீர்ப்பு ஏறத்தாழ 65 கிலோ பாரத்துக்குரிய விசையோடு பின்னோக்கி இழுக்கிறது. 600 கிலோ வண்டியை 60 கிலோ அளவிலேயே இழுக்கிறது. ஒவ்வொரு வளைவிலும் வேகத்தைத் தணித்து மறுபடியும் வேகம் கொள்ளும்போது, நகர்த்த வேண்டிய பொருண்மை குறைவாயிருப்பதால் வண்டி விரைந்து எழுகிறது. தடை போடும்போது வெப்பமாக மாற்ற வேண்டிய இயக்க ஆற்றலும் அந்த அளவுக்குக் குறைகிறது. நேரான சமதளப் பாதையில் உச்ச வேகத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் காற்றின் எதிர்ப்பே. ஆகவே எடை குறைத்தலின் பயன் ஏற்றத்திலும் வளைவிலும் விளங்குமளவு அங்கே விளங்குவதில்லை. மலைநாட்டான் ஒருவனுக்கு இந்த எண்ணம் தோன்றியது வியப்பன்று.

இத்தகைய ஏற்றப் பந்தயத்துக்கு நம் நாட்டில் நெடிய வரலாறு உண்டு. நுவரெலியாவில் மஹகஸ்தோட்டைத் தேயிலைத் தோட்டத்துப் பாதையில் 1934ஆம் ஆண்டு தொடங்கிய மலையேற்றப் பந்தயம், ஏப்ரல் மாத வசந்த காலத்தோடு இணைந்து பெயர் பெற்றது. வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் புறப்படும், கடிகாரமே எதிராளி. கொழுந்து சுமந்து செல்ல அமைத்த பாதை வேகத்தை அளக்கும் கோலாகவும் ஆயிற்று.

நிற்க. எடையைக் குறைத்தல் என்றால் கழற்றி எறிதல் என்று மட்டுமே பொருளா? உலகின் சிறந்த பொறியாளர் அவ்வாறு கொள்ளவில்லை. இன்றும் நம் வீதிகளில் காணப்படும் மொரிஸ் மைனர் காரை 1948இல் உலகுக்குத் தந்த அலெக் இசிகோனிஸ், 1959இல் மினி என்னும் சிறு வண்டியை அமைத்தார். எஞ்சினைக் குறுக்காக வைத்தார். பற்சக்கரப் பெட்டியை அதன் அடியிலேயே அடக்கினார். சக்கரங்களை நான்கு மூலைகளுக்கும் தள்ளினார். பத்தடி நீளத்துள் நால்வர் அமர இடம் கிடைத்தது. அவர் எவரையும் இறக்கிவிடவில்லை. வீணாய்க் கிடந்த வெற்றிடத்தையே இறக்கினார். 1964இல் மொண்டே கார்லோ நெடும்பந்தயத்தில் பெரிய எஞ்சின் பூண்ட அமெரிக்க வண்டிகளையும் பின்தள்ளி மினி கூப்பர் வென்றது. அதனைச் செலுத்தியவர் வட அயர்லாந்தைச் சேர்ந்த பாடி ஹொப்கேர்க்.

எடை குறைத்தலைச் சமயம்போலப் போற்றியவர் லோட்டஸ் வண்டிகளை ஆக்கிய ஆங்கிலப் பொறியாளர் கொலின் சப்மன். ஒரு பாகத்தை நீக்க முடியுமா, நீக்க முடியாவிடின் அதனையே இரண்டு வேலை செய்ய வைக்க முடியுமா என்று வினவுவது அவர் வழக்கம். 1962இல் அவர் அமைத்த லோட்டஸ் 25 பந்தய வண்டியில் தனிச் சட்டகம் இல்லை; உடலே சட்டகமாயிற்று. எடை குறைந்தது, உறுதியும் கூடியது. அதனைச் செலுத்திய ஜிம் கிளார்க் 1963இல் உலக வாகையர் ஆனார்.

ஆனால் அதே லோட்டஸ் வரலாற்றில் ஒரு துயர ஏடும் உண்டு. ஓஸ்திரிய நாட்டு ஓட்டுநர் ஜொக்கன் ரிண்ட் 1969இல் சப்மனுக்கு ஒரு கடிதம் எழுதினார். உம் வண்டிகள் போதிய வேகமுள்ளவை. சில இறாத்தல்களைக் கூட்டி மெலிந்த பாகங்களை வலுவாக்கினாலும் நாம் பின்தங்க மாட்டோம் என்பதே அதன் கருத்து. அடுத்த ஆண்டு, 1970 செப்டெம்பர் 5ஆம் நாள், இத்தாலியில் மொன்ஸா ஓடுதளத்தில் தகுதிச் சுற்றின்போது அவர் உயிரிழந்தார். முன்சக்கரத்தின் தடைக்குரிய தண்டு முறிந்ததே வண்டி விலகியதற்குக் காரணம் எனப் பின்னர் கருதப்பட்டது. ஓடுதளத்தின் தடுப்புவேலியும் அவரைக் காக்கவில்லை. அதுவரை பெற்ற புள்ளிகளால் அவ்வாண்டின் உலக வாகையர் பட்டம் இறந்தவருக்கே சென்றது. உலகப் பந்தய வரலாற்றில் அத்தகைய பட்டம் பெற்றவர் அவர் ஒருவரே. ‘அச்சின் வலியை அறி’ என்று வள்ளுவர் சொன்னதைத்தான் அந்தக் கடிதம் வேறு மொழியில் சொல்லிற்று.

இதன் மறுபக்கத்தையும் கூறுவது நீதி. பதினோராண்டு கழித்து, 1981இல், அதே மொன்ஸாவில் ஜோன் வொட்சன் என்பவர் செலுத்திய மக்லாரன் வண்டி தடுப்பில் மோதி எஞ்சின் வேறாகப் பிய்ந்து போயிற்று. ஓட்டுநரோ காயமின்றி இறங்கி நடந்தார். ஜோன் பார்னார்ட் அமைத்த அவ்வண்டியின் உடல் கார்பன் இழையால் ஆனது, உலோகத்தினும் இலேசானது, உறுதியோ மிகுந்தது. ஆகவே இலேசும் வலிவும் பகையல்ல. அறிவோடு தேடுபவனுக்கு அவை உடன்பிறந்தவை. எதை நீக்குகிறோம், எதை இடுகிறோம் என்பதிலேதான் எல்லாம் அடங்கியுள்ளது. பந்தய வண்டியிலிருந்து இருக்கைகளைக் கழற்றும் அதே கை, ஓட்டுநரைக் காக்க உருக்குக் குழாய்க்கூடு ஒன்றை உள்ளே பொருத்திப் பாரத்தைக் கூட்டுவதை நோக்குக.

இவற்றையெல்லாம் அந்த மாமரத்தடியில் நாங்கள் பேசினோம். அவன் கழற்றியவற்றுள் பெரும்பாலானவை வண்டியின் பின்பாகத்துக்குரியவை என்பதையும் சுட்டினேன். எஞ்சின் முன்னே இருக்கும் வண்டியில் பின்புறம் மேலும் இலேசானால், இறக்கத்தில் தடை போடும்போது பாரம் முன்னே சாயும். பின்சக்கரங்கள் நிலத்தை அழுத்தாமல் வழுக்கும். மழை நீங்காத நம் பாதைகளில் அது பொல்லாதது. இதனை எனக்குச் சொல்லித் தந்தவன் அவனேதான். ஆயினும் சொல்லிக்கொண்டே சிரித்தான். “மெதுவாகப் போவேன் சேர்” என்றான். வேகமாகப் போவதற்காகக் கழற்றிய ஒருவன் மெதுவாகப் போவேன் என்பது எத்தகைய வாக்குறுதி! ஆனாலும் நான் மேலே பேசவில்லை. அவன் தாயாரிடம், பையன் கெட்டிக்காரன், பயப்படாதீர்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். அது என் பிழை.

வைகாசி மாதத்து மழையிரவு ஒன்றில், அதே லயத்தில் பக்கத்து வீட்டு மருமகளுக்குப் பிரசவ வலி கண்டது. தோட்டத்து லொறி வேறிடம் போயிருந்தது. அவசர வண்டிக்குச் சொல்லியும் அது வந்துசேர நேரமாகும் என்றார்கள். என் மாணவன் காரை எடுத்தான். பின்னிருக்கை இல்லாத வெறுந்தகரத்தின்மேல் மெத்தையை மடித்துப் போட்டு, அந்தப் பெண்ணைச் சாய்த்து உட்கார வைத்தார்கள். அவனுடைய தாயாரே அவளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார். ஒலியடக்கும் அட்டையும் விரிப்பும் இல்லாத அந்தத் தகரத்தில் ஒவ்வொரு கல்லும் உடம்பில் பட்டதாம். இரண்டு மைல் கடப்பதற்குள் கூரிய கல்லொன்று முன் டயரைக் கிழித்தது. மேலதிகச் சக்கரம் திண்ணையில் இருந்தது. ஜாக்கியும் அதனருகே இருந்தது.

கொட்டும் மழையில் அவன் லயத்துக்கு மேடேறி ஓடினான். சக்கரத்தை உருட்டிக்கொண்டு இறங்கும்போது எதிரே மரக்கறி ஏற்றும் வான் ஒன்று வர, அதன் சாரதி மூட்டைகளை வழியோரத்தில் இறக்கிவைத்துவிட்டு அந்தப் பெண்ணை ஏற்றிக்கொண்டார். வைத்தியசாலையை அடைந்த சற்று நேரத்தில் பெண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் நலம். ஆயினும் வழியில் கழிந்தது ஒரு மணி நேரம்.

மறுவாரம் அவனே என்னைத் தேடி வந்தான். நெடுநேரம் பேசாமல் இருந்தான். பிறகு, “11 கிலோவை மிச்சம் பிடித்தேன் சேர். அதற்கு ஒரு மணி நேரம் விலை கேட்டது. அந்த விலையை நான் கொடுக்கவில்லை, அந்த அக்காதான் கொடுத்தார்” என்றான்.

அவனிடம் அறவுரை கூறவேண்டிய தேவை இல்லாமற் போயிற்று. புறநானூற்றை எடுத்து, அதியமானின் மகன் பொகுட்டெழினியை ஔவையார் பாடிய 102ஆம் பாட்டை மட்டும் விளக்கினேன். எருதுகள் இளையவை, நுகம் பழகாதவை. வண்டியிலோ பண்டம் மிகுதி. பள்ளத்தில் இறங்கவும் மேட்டில் ஏறவும் வேண்டும். வழியில் என்ன நேரும் என்பதை யார் அறிவார்? ஆதலின் உமணர் வண்டியின் அடியிலே இன்னோர் அச்சு மரத்தையும் கட்டிச் செல்வர். அதற்குச் சேம அச்சு என்று பெயர். அப்பேர்ப்பட்டவன் எங்கள் தலைவன் என்கிறார் ஔவையார். உப்பு மூட்டை ஒவ்வொன்றும் காசு. அச்சு மரம் வீண்பாரம். அந்தப் பாரத்தின் இடத்தில் இன்னும் கொஞ்சம் உப்பை ஏற்றலாமே என்று கணக்கிடத் தெரியாதவர் அல்லர் உமணர். வணிகர் அல்லரோ! தெரிந்தும் அவர்கள் அச்சை ஏற்றினார்கள். ஆற்றல் மிக்க ஒரு தலைவனுக்கு உவமை தேடிய புலவர்க்கு, ஓடும் சக்கரத்தினும் ஓடாமல் தொங்கும் அந்த மரமே கண்ணிற் பட்டது.

“அப்படியானால் இரண்டு பேரில் யார் சொன்னது சரி சேர்? வள்ளுவரா, ஔவையாரா?” என்று கேட்டான்.

நல்ல மாணவன் கேட்கும் கேள்வி அது. விடையை வள்ளுவரே இடனறிதல் அதிகாரத்தில் வைத்திருக்கிறார். வலிய சக்கரம் பூண்ட நெடுந்தேர் கடலில் ஓடாது. கடலில் ஓடும் நாவாய் நிலத்தில் ஓடாது. தேரிலும் குறையில்லை, நாவாயிலும் குறையில்லை. பந்தயப் பாதை ஓரிடம்: மனிதர் காவல் நிற்பர், மருத்துவர் காத்திருப்பர், டயர் கிழிந்தால் அன்றைய ஓட்டம் போகும், அவ்வளவே. தோட்டத்துப் பாதை வேறிடம்: அங்கே கார் என்பது ஒருவனுடைய உடைமையன்று; நள்ளிரவில் லயத்துக்கே அது பொதுச்சொத்து. இறக்குவானைக்கும் பெல்மதுளைக்கும் இடையே எத்தனையோ லயங்களில் இந்நிலைதான்.

இப்போது அவனுடைய காரில் பின்னிருக்கை இருக்கிறது. நான்கு திருகாணிகளைக் கழற்றினால் பத்து நிமிடத்தில் வெளியே வரும்படி அதனை அமைத்திருக்கிறான். மேலதிகச் சக்கரத்தைப் பூட்டியிருக்கிறான். துருப்பிடித்த பழைய வெளிப்போக்குக் குழாயை மாற்றி இலேசான ஒன்றை இட்டான். உருக்குச் சக்கரங்களை நீக்கி அலுமினியக் கலவைச் சக்கரங்களைப் பொருத்தப் பணம் சேர்க்கிறான். வில்லின் கீழே தொங்குவதும், ஓடுவதோடு சுழலவும் வேண்டியதும் சக்கரமாதலின், அங்கே குறையும் ஒரு கிலோ மற்றைய இடத்தில் குறையும் ஒரு கிலோவினும் மிகுந்த பயன் தரும் என்பது அவன் கணக்கு. தாயாரின் முகத்திலும் அச்சம் தணிந்திருக்கிறது. பந்தயத்துக்குப் போவதானால், விதிப்படி குழாய்க்கூடும் தலைக்கவசமும் பட்டியும் பூண்டே போவான் என்று அவரிடம் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறான்.

இனி, மோட்டார் வண்டியே வேண்டாம் என்னும் இலக்கிய அன்பர்க்கும் ஒரு சொல். நன்னூலார் நூற்குற்றம் பத்தை எண்ணும்போது, மிகைபடக் கூறலை இரண்டாவதாக வைத்தார். முதலாவதாக அவர் வைத்தது குன்றக் கூறல். நம் மாணவர் கட்டுரைகளில் மிகையைக் கண்டால் சிவப்பு மையால் கோடிழுக்கிறோம், அது கடமையே. ஆயினும் கோடிழுக்கும் முன், இந்தச் சொல் பீலியா, சேம அச்சா என்று ஒருகணம் எண்ணிப் பார்ப்போமாக. பீலியானால் இறக்குக. அச்சானால், ஓடாமல் தொங்குகிறதே என்று பழித்து அதனை அறுத்துவிடற்க. மேடும் பள்ளமும் உள்ள பாதையில், இரவு மழையில், அதனைத் தேடும் வேளை ஒன்று வரும்.